பிபி இருக்கிறது, ஃபேஸ்லிஃப்ட் செய்யலாமா? ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு இறங்க வேண்டும்?

செவ்வந்தி கேட்டது:
வயது 54, பெண். ஆறு வருடமாக பிபி. காலையில் டெல்மிசார்டன் 40, ராத்திரி அம்லோடிபின் 5. சர்க்கரை இல்லை, புகை இல்லை. ஃபேஸ்லிஃப்டும் (தொங்கும் முகத்தோலை இழுத்துத் தைக்கும் ஆபரேஷன்) மேல் இமை ஆபரேஷனும் ஒரே நாளில் செய்துகொள்ள யோசனை. சர்ஜனிடம் பார்த்தபோது 158/94. வீட்டு மெஷினில் 134 முதல் 140, கீழே 82 முதல் 86. "முதலில் கட்டுக்குள் வரட்டும், பிறகு தேதி பார்ப்போம்" என்கிறார் சர்ஜன். எது வரை வந்தால் கட்டுக்குள் என்று அர்த்தம்? மயக்கம் கொடுத்த பிறகு ஊசி போட்டே இறக்கிவிட முடியாதா? ஆபரேஷன் அன்று மாத்திரை போடணுமா, கூடாதா?

மயக்கவியல் மேசை:
இறக்க முடியும், இறக்கத்தான் செய்வார்கள். சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

மயக்கத்தில் பிபி தானாகவே தாழும். தோலுக்கடியில் போடும் மரப்பு மருந்தில் அட்ரினலின் கலந்திருப்பதால் சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்கிப் போய், இடமே உலர்ந்தது போல் தெரியும். கசிய வேண்டிய குழாய் அப்போது கசியாது. கண்ணில் படாததை சர்ஜன் சுட்டு அடைக்கவும் முடியாது. சில மணி நேரத்தில் அட்ரினலின் வடிந்துவிடும். அதே சமயம் விழிப்பு, வலி, குமட்டல், இருமல், முட்டிய சிறுநீர் எல்லாம் சேர்ந்து பிபியைத் தூக்கும். அடங்கியிருந்த குழாய் அப்போது திறக்கும். ஃபேஸ்லிஃப்டில் கன்னத்துத் தோலை அகலமாகப் பிரித்திருப்பார்கள், ரத்தம் தேங்க இடம் தாராளம். பெரும்பாலான ரத்தக்கட்டு முதல் 24 மணி நேரத்தில் வருவது இதனால்தான். அதைச் சும்மா விட்டால் மேலே இருக்கும் தோலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து தோலே கருகலாம்.

இன்னொன்று. வருடக்கணக்கில் உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய மூளையும் சிறுநீரகமும் திடீர் தாழ்வைத் தாங்காது. ஊசியால் 158-ஐ 100-க்கு இழுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

அளவு விஷயத்தில் குழப்பம் வருவது இயல்பு. பிரிட்டனின் மயக்க மருந்து நிபுணர்களும் ரத்த அழுத்த நிபுணர்களும் 2016-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, கடந்த 12 மாதத்தில் வழக்கமான டாக்டரிடம் எடுத்த அளவு 160/100-க்குக் கீழ் இருந்தால் திட்டமிட்ட ஆபரேஷனைத் தொடரலாம் என்கிறது. அப்படிப் பதிவே இல்லாதவருக்கு, ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில் 180/110-க்குக் கீழ். இது குடலிறக்கம் முதல் மூட்டு வரை எல்லாவற்றுக்கும் பொதுவான வரம்பு. முகத்தில் கை வைக்கும் சர்ஜனுக்கு இது போதாது. அவர் 140/90-க்குக் கீழ் எதிர்பார்ப்பார், அதுவும் ஒரு நாள் அல்ல, சில வாரமாக. உங்கள் 158/94 மயக்க டாக்டரிடம் பாஸ், சர்ஜனிடம் ஃபெயில். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அவசரமில்லாத ஆபரேஷன், தள்ளிப்போடுவதில் நஷ்டம் எதுவும் இல்லை.

கஃப்பும் கையும்:
வீட்டு அளவைப் பற்றி ஒரு திருத்தம். கிளினிக்கில் 140/90 என்பதற்கு வீட்டில் இணையான வரம்பு 135/85. அதாவது உங்கள் வீட்டு அளவும் எல்லையைத் தொட்டும் தாண்டியும்தான் நிற்கிறது. "டாக்டரைப் பார்த்த பதற்றம்" என்று முழுப் பழியையும் கிளினிக் மேல் போட முடியாது.

ஒழுங்காக எடுக்க: மேல்கையில் சுற்றும் பட்டை (கஃப்), கையின் சுற்றளவுக்குப் பொருந்துவது (சின்ன கஃப் அளவைக் கூட்டிக் காட்டும்). காபி குடித்து அரை மணி ஆகியிருக்கணும், சிறுநீர் கழித்திருக்கணும், முதுகு சாய்ந்து, கால் தரையில், ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரணும். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு, மாலையில் இரண்டு, நடுவே ஒரு நிமிடம். ஏழு நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரி. அந்தத் தாளைத்தான் சர்ஜனிடம் நீட்டணும், மெஷினில் கடைசியாகத் தெரிந்த எண்ணை அல்ல.

டோஸ் மாற்றினால் பொறுமை வேண்டும். அம்லோடிபின் நிலைபெற ஒரு வாரத்துக்கு மேல், டெல்மிசார்டன் முழுசாக வேலை செய்ய நாலு வாரத்துக்கு மேல். தேதியை ஆறு முதல் எட்டு வாரம் தள்ளி வைப்பதே நடைமுறை. குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு பிபியையும் கெடுக்கும், மயக்கத்தையும் சிக்கலாக்கும்.

மாத்திரைப் பெட்டி:
அம்லோடிபினை முந்தின ராத்திரியும் போடலாம். டெல்மிசார்டனைப் பொதுவாக 24 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், மயக்கத்தில் பிபி விடாப்பிடியாகத் தாழும் என்பதால். அன்று காலை டோஸ் கிடையாது. ஆனால் திரும்ப எப்போது தொடங்குவது என்று எழுதி வாங்குங்கள், பலர் மறப்பது அதைத்தான். மற்றவர்கள் கவனிக்க: பீட்டா பிளாக்கர், குளோனிடின் என்ற வேறு பிபி மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் பிபி எகிறும், அவை அன்றும் தொடரும். புரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர் போடுபவர் அதை சர்ஜனிடம் தனியாகச் சொல்லணும். அட்ரினலின் சேர்ந்தால் பிபி ஏறி நாடி விழலாம்.

நீர் மாத்திரை இருந்தால் பொட்டாசியம் பார்க்கணும், அன்று காலை அதைத் தவிர்ப்பது வழக்கம். ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினைத் தானாக நிறுத்தவே கூடாது. மீன் எண்ணெய், வைட்டமின் இ, ஜிங்கோ மாத்திரைகளைப் பட்டியலில் சேருங்கள், இரண்டு வாரம் முன்பே விடச் சொல்வார்கள்.

வலிக்கு இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். பிபியை ஏற்றும், டெல்மிசார்டனின் வேலையைக் குறைக்கும், ரத்தக்கசிவும் கூடும். பாராசிட்டமால் சரி, ஆனால் தண்ணீரில் நுரைக்கும் வகை வேண்டாம். ஒரு மாத்திரையிலேயே 400 மில்லிகிராம் அளவுக்கு சோடியம். மூக்கடைப்பு மாத்திரைகளும் வேண்டாம், பிபியை ஏற்றும் சூடோஎஃபெட்ரின் இருக்கலாம்.

செவ்வந்தி:
நன்றி. இமை சின்ன வேலைதானே, அதை மட்டும் இப்போதே முடித்துக்கொள்ளலாமா? வீட்டுக்கு வந்த ராத்திரி 165 காட்டினால் கூடுதலாக ஒரு மாத்திரை போடலாமா?

மயக்கவியல் மேசை:
இமையில் வெட்டு சின்னது, ஆபத்து சின்னதல்ல. கொழுப்பை எடுக்கும்போது கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்தால் பார்வை நரம்பு நெரிபடும். அபூர்வம்தான், ஆனால் கடும் வலி, கண் பிதுங்கல், பார்வை மங்கல் வந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் அழுத்தத்தை விடுவிக்கணும். காலையில் பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது. பிபி அடங்கும் வரை இதுவும் காத்திருக்கட்டும்.

165-க்கு முதலில் காரணம் தேடுங்கள்: வலி, குமட்டல், சிறுநீர், தவறிய டோஸ். வலி மாத்திரையை நேரத்துக்குப் போடுவதே பாதி பிபி மருந்து. தலையை 30 டிகிரி உயர்த்திப் படுங்கள், குனியாதீர்கள், மலத்துக்கு முக்காதீர்கள். பத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி எடுங்கள். இறங்கவில்லை என்றால் சர்ஜனைக் கூப்பிடுங்கள், தானாக மாத்திரை கூட்ட வேண்டாம். நாக்கடியில் நிஃபெடிபின் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சரசரவென்று இறங்கி பக்கவாதத்தில் விடலாம். ஒரு பக்கம் மட்டும் வீங்கி, இறுகி, வலி கூடிக்கொண்டே போனால் பிபி எண் எதுவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. டிஸ்சார்ஜுக்கு முன் ராத்திரியில் எடுக்கும் ஃபோன் நம்பர் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.