மறு: கைவிடப்பட்ட ஆலைகளைப் படம்பிடிக்கும் கலைக்கு ஒரு பெயர்

எல்லோருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் இந்தக் கலைக்கு இதுவரை வந்த சொற்களை ஒன்றாக வைத்துப் பார்த்தேன்: பாழாலைப் படம், இடிபாட்டு ஒளிப்படம், துருக்கலை, கைவிடப்பட்ட தொழிலகப் படப்பிடிப்பு. நான் இன்னொன்றை முன்வைக்கிறேன். இடத்துக்கு ஆலையெச்சம், அதைப் படம்பிடிப்பதற்கு ஆலையெச்ச ஒளிப்படக்கலை.

> ‘கைவிடப்பட்ட’ என்பதே போதுமே, எல்லோருக்கும் புரியும்.

மதுரை நண்பரே, புரியும்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்து பார்க்கும்போது அந்தச் சொல் உறுத்துகிறது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1950இல் உற்பத்தி தொடங்கியது. பக்கத்திலேயே தோண்டிய சுண்ணக்கல்லையும் முருங்கனில் இருந்து வந்த களிமண்ணையும் அரைத்து, சூளையில் சுட்டுச் சீமெந்து செய்தார்கள். 1990இல் போர் வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. வலிகாமம் வடக்குச் சனம் வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்தது. அந்த நிலம் நீண்டகாலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. இதில் யார் எதைக் கைவிட்டார்கள்? கைவிடுவது என்றால் மனமறிந்து விட்டவர் ஒருவர் இருக்கவேண்டும். இலாபம் இல்லை என்று முதலாளி பூட்டிவிட்டுப் போன ஆலைக்கு அந்தச் சொல் சரி. நேற்று வரை வேலைக்குப் போனவரை அடுத்த நாள் அந்தப் பக்கமே போகவிடாமல் செய்த இடத்துக்கு அது சரியில்லை. இரண்டு வகை ஆலைக்கும் பொருந்துவதாகத்தான் கலைச்சொல் இருக்கவேண்டும்.

‘பாழ்’ எனக்கும் பிடித்த சொல். சின்னது, பழையது, சட்டென்று ஒரு படத்தை மனதில் கொண்டுவருகிறது. சிக்கலும் அதிலேதான். பாழ் என்றவுடன் வெறுமையைத் தேடிப் போகிறோம்: உடைந்த கண்ணாடி, சுவரைப் பிளந்த ஆலமரம், மேலே இருந்து விழுகிற ஒரு கீற்று வெளிச்சம். இணையத்தில் இந்த வகைப் படங்களில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கிறது. அழகாக இருக்கும், ஆனால் அங்கே என்ன செய்தார்கள் என்று கேட்டால் படத்தில் பதில் இராது. இடிபாடும் ஒத்துவரவில்லை. பல இடங்களில் எதுவும் இடிந்திருக்காது, ஓடாமல் நிற்கும், அவ்வளவுதான்.

இப்போது ‘எச்சம்’. ஒருவர் போனபிறகு எஞ்சி நிற்பது எச்சம். குறளில் வருகிற ‘அவரவர் எச்சத்தாற் காணப்படும்’ என்பதிலும் அந்தப் பொருள்தான்: விட்டுச்சென்றதை வைத்து ஆளை அறிவது. இலக்கணத்தில் முற்றுப்பெறாத வினைக்கும் எச்சம் என்றே பெயர். நடுவில் நின்றுபோன வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. போரில் நின்றதா, நட்டத்தில் மூடியதா, தொழில்நுட்பம் பழசாகி விட்டதா என்று எந்தத் தீர்ப்பும் அது சொல்வதில்லை. தொல்லுயிர் எச்சம் என்று பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே புழங்குவதால் மாணவர்களுக்கும் புதிதாக இராது.

> எச்சம் என்றால் பறவை எச்சம் நினைவுக்கு வரும். ஆலையின் கழிவு என்றும் எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

அக்கா, நியாயமான கேள்வி. ஆலையிலிருந்து வெளியேறுவதற்குக் ‘கழிவு’ என்ற சொல் நன்றாக வேரூன்றிவிட்டது. தொழிற்சாலைக் கழிவு என்று எழுதுகிற யாரும் எச்சத்துக்கு மாறப்போவதில்லை. பறவைப் பொருளை முன்னொட்டாக நிற்கும் ‘ஆலை’ தடுத்துவிடும். இந்த இரண்டுக்காகவும் சொல்லை விட்டுவிட எனக்கு மனமில்லை.

பெயரைப் பற்றி இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், எதைப் படம்பிடிப்பது என்பதையும் அந்தப் பெயர்தான் முடிவுசெய்யும். பாழைத் தேடிப் போகிறவர் மூலையில் கிடக்கும் ஒற்றைச் சப்பாத்தை எடுப்பார். எச்சத்தைத் தேடிப் போகிறவர் முதலில் வேலையின் ஒழுங்கைக் கேட்பார். சீமெந்து ஆலை என்றால் கல் உடைக்கும் பொறி, அரைக்கும் உருளை, சற்றே சாய்வாகக் கிடந்து மெதுவாகச் சுழலும் நீண்ட சூளை, 1400 பாகை செல்சியசுக்கு மேல் போகும் அந்தச் சூட்டைத் தாங்க உள்ளே பதித்த தீச்செங்கல், வெளியே வரும் கட்டியைக் குளிர்விக்கும் இடம், ஜிப்சம் சேர்த்து மறுபடி அரைக்கும் இடம். இந்த வரிசையில் எடுத்தால், பொறி கழற்றிக் கொண்டுபோன இடத்தில் மிஞ்சிய அடித்தளத்துக்கும் போல்ட்டுக்கும் கூட அர்த்தம் வரும். அங்கே வேலைசெய்த ஒருவரிடம் காட்டினால், இதில்தான் நான் நின்றேன் என்று அவர் விரல் வைத்துச் சொல்லவேண்டும். படம் சரியா இல்லையா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான்.

ஜெர்மனியில் பெர்ண்ட் பெஹர், ஹில்லா பெஹர் தம்பதியர் 1959 முதல் இப்படித்தான் செய்தார்கள். நீர்த்தொட்டிகள், ஊதுலைகள், சுரங்கக் கோபுரங்கள். மேகம் மூடிய வானம், நேர்ப்பார்வை, ஒரே வகைப் பொருளின் படங்கள் பக்கத்தில் பக்கத்தில். அதை வகைமைத் தொகுப்பு என்று பட்டியலில் சேர்க்கலாம். 1990 வெனிஸ் கலைவிழாவில் அவர்களுக்குக் கிடைத்தது சிற்பத்துக்கான பரிசு. அதே நாட்டில் ஃபோல்க்லிங்கன் இரும்பாலை 1986இல் நின்றது, 1994இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையானது.

அந்த மேக வெளிச்சம் எங்களுக்கு மாரியில் கிடைக்கும். வெயில் காலத்தில் கடலோர வெளிச்சம் எல்லா இரும்பையும் ஒரே வெளிறலாக்கிவிடுகிறது. மழை விட்ட கையோடு போனால் கறளின் மஞ்சளும் செம்மையும் கறுப்பும் தனித்தனியாகத் தெரியும். இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள்: பட்டியலில் ‘துரு’வோடு ‘கறள்’ என்பதையும் போடுங்கள். யாழ்ப்பாணத்தில் இரும்பு கறள்தான் பிடிக்கும். கடற்காற்றின் உப்பு கொங்கிறீட்டுக்குள் இறங்கிக் கம்பியைக் கறள் பிடிக்க வைக்கிறது. கறள் இரும்பைவிடக் கூடுதலான இடம் கேட்பதால் கொங்கிறீட் உள்ளிருந்து வெடித்து உதிர்கிறது. அந்த உதிர்வுக்கு ‘கறள்வெடிப்பு’ என்று வைத்தால் பொறியியல் மாணவருக்கும் உதவும்.

அப்புறம், அனுமதி இல்லாமல் வேலி தாண்டுவதை இந்தக் கலையின் ஒரு பகுதியாக வரையறையில் எழுதவேண்டாம். வெளிநாட்டில் அது சாகசமாக இருக்கலாம். இங்கே வேலிக்கு உள்ளே கண்ணிவெடி இருந்த காலம் தொலைவில் இல்லை. கறள் தின்ற படிக்கட்டும் அஸ்பெஸ்டஸ் கூரையும் எங்கும் உள்ள ஆபத்து.

‘ஆலை’ என்ற பகுதியைப் பற்றியும் ஒரு சொல். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் எடுத்த இடம். அது ஆலையில் அடங்கும். உப்பளம்? பொறி குறைவு, ஆனாலும் தொழில் நடந்த இடம். அடங்கும் என்றே வைப்போம். ‘தொழிலகம்’ என்று மாற்றினால் சொல் நீண்டுவிடும்.

தீராமல் இருப்பது சுண்ணக்கல் தோண்டிய பள்ளங்கள். தண்ணீர் நிரம்பிக் கிடக்கும் அவற்றில் கட்டடமும் இல்லை, பொறியும் இல்லை. அங்கிருந்து எடுத்த கல்தான் சீமெந்தாகப் போனது என்பதால் அவையும் ஆலையெச்சம் என்பது என் கட்சி. எதிர்ப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் வரையறையில் சேர்த்துவிடலாம்.