நீதிமன்றம் தான் சொன்னதையே மாற்றிச் சொல்லலாமா? அமெரிக்கத் தீர்ப்புகள் பற்றி ஒரு சந்தேகம்

கருங்கல் சட்ட மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். மூன்றாம் ஆண்டு சட்டம் படிக்கிறேன், ஊர் கருங்கல். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முக்கியமான தீர்ப்புகளைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். 1803ல் வந்த மார்பரி எதிர் மேடிசன் வழக்கிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறேன். அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாது என்று சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அதில் நிலைநாட்டினார். அதுவரை சரி.

அப்புறம்தான் குழப்பம். 1896ல் பிளெஸ்ஸி வழக்கில், ரயிலில் கறுப்பர்களுக்குத் தனிப் பெட்டி வைப்பது தப்பில்லை என்றார்கள். 1954ல் பிரவுன் வழக்கில், கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் கூடவே கூடாது என்றார்கள். அதே நீதிமன்றம், சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிற அதே 14வது அரசியலமைப்புத் திருத்தம். கடைசி வார்த்தை சொல்லவேண்டிய இடமே மாற்றிச் சொன்னால் ஜனங்கள் எதை நம்புவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குழித்துறை வக்கீல்:

முன்தீர்ப்பைப் பின்பற்றுவது நீதிமன்றம் தனக்குத் தானே வைத்துக்கொண்ட ஒழுங்கு. கீழ் நீதிமன்றங்கள் அதை மீற முடியாது. உச்ச நீதிமன்றம், தகுந்த காரணம் இருந்தால், தன் பழைய தீர்ப்பை ரத்து செய்யலாம். குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசாங்கம் தன் செலவில் வக்கீல் வைத்துக் கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை என்று 1942ல் சொன்னார்கள். புளோரிடா சிறையிலிருந்து கிடியன் என்ற கைதி பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவின் பேரில், 1963ல் ஒன்பது நீதிபதிகளும் சேர்ந்து அதை மாற்றினார்கள். மறுவிசாரணையில் வக்கீலோடு நின்றார், விடுதலையானார். மாற்றாமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

தக்கலை டீச்சர்:

மக்களே, நீ கேட்டது நல்ல கேள்வி. நான் சமூக அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவள். உன் பட்டியலில் கொடி வணக்க வழக்குகள் இரண்டையும் சேர்த்துக்கொள். மூன்றே வருஷத்தில் நீதிமன்றம் தலைகீழாகத் திரும்பிய கதை அது.

பென்சில்வேனியாவில் மைனர்ஸ்வில் என்ற ஊர். 1935ல் லில்லியன் என்ற 12 வயதுப் பெண்ணும் பில்லி என்ற 10 வயதுத் தம்பியும் பள்ளியில் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்தார்கள். யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். உருவத்தை வணங்கக்கூடாது என்பது அவர்கள் விசுவாசம். தான் ஏன் வணங்கவில்லை என்று பில்லி பள்ளி நிர்வாகத்துக்குத் தன் கையாலேயே கடிதம் எழுதிக் கொடுத்தான். இரண்டு பேரையும் பள்ளியை விட்டு வெளியேற்றினார்கள்.

வழக்கு 1940 ஜூனில் முடிந்தது. ஐரோப்பாவில் ஹிட்லரின் படை பிரான்சுக்குள் போய்க்கொண்டிருந்த சமயம். தேச ஒற்றுமைதான் பெரிசு, பள்ளி செய்தது சரி என்று 8க்கு 1 கணக்கில் தீர்ப்பு. ஹார்லன் ஸ்டோன் என்ற நீதிபதி ஒருவர்தான் அதை மறுத்து எழுதினார். அப்புறம் நடந்ததுதான் கொடுமை. பல ஊர்களில் யெகோவா சாட்சிகளைக் கூட்டம் கூடி அடித்தார்கள். மெய்ன் மாநிலத்தில் கென்னபங்க் என்ற ஊரில் அவர்கள் கூடும் மண்டபத்தைத் தீ வைத்துக் கொளுத்தினார்கள்.

1942ல், பெரும்பான்மையில் இருந்த மூன்று நீதிபதிகள், அன்று நாங்கள் கொடுத்த தீர்ப்பு தவறு என்று இன்னொரு வழக்கில் வெளிப்படையாகவே எழுதினார்கள். அடுத்த வருஷம் மேற்கு வெர்ஜீனியாவிலிருந்து பார்னெட் சகோதரிகளின் வழக்கு வந்தது. 1943 ஜூன் 14, அமெரிக்கர்களுக்குக் கொடி நாள். அன்றைக்கே 6க்கு 3 என்று பழைய தீர்ப்பை ரத்து செய்தார்கள். அதற்குள் ஸ்டோன் தலைமை நீதிபதி ஆகியிருந்தார். தீர்ப்பை எழுதியவர் ராபர்ட் ஜாக்சன். கருத்தை வற்புறுத்தி ஒன்றாக்கினால் கிடைப்பது கல்லறைத் தோட்டத்து ஒற்றுமைதான் என்று எழுதினார். போர் நடக்கிற நேரத்தில் ஒரு நீதிபதி இப்படி எழுத எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும்!

இது எனக்கு வெறும் சரித்திரம் இல்லை. 90களில் நான் வேலை பார்த்த பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் காலை அசெம்பிளியில் தேசிய கீதம் பாடமாட்டான். கைகளைத் தொடையோடு ஒட்டி, தலையை நேராக வைத்து, கீதம் முடியும்வரை அசையாமல் நிற்பான். வாய் மட்டும் திறக்காது. டிசி கொடுத்து அனுப்பிவிடலாம் என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு எழுந்தது. பத்மநாபபுரம் கோர்ட்டில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் ஓடினேன். பிஜோ இம்மானுவேல் வழக்கின் தீர்ப்பை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

அது 1986ல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேரளாவில் மூன்று பிள்ளைகள், இதே விசுவாசம், மரியாதையாக எழுந்து நின்றும் பாடவில்லை என்பதற்காக வெளியேற்றப்பட்டவர்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த இரண்டு அமெரிக்கத் தீர்ப்புகளையும் எடுத்துப் பேசி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். ஜெராக்ஸைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்தேன். உட்கார்ந்து முழுசும் படித்தார். டிசி பேச்சு அதோடு நின்றது. 1940 தீர்ப்போடு அமெரிக்காக்காரன் நின்றுவிட்டிருந்தால் என் கையில் என்ன இருந்திருக்கும்?

ஆகவே, மாறியது என்று மட்டும் பார்க்காதே. முதல் தடவையே தனியாக நின்று மறுத்தவர் யார், என்ன எழுதினார் என்று தேடிப் படி. நீ சொன்ன பிளெஸ்ஸி வழக்கிலும் ஜான் மார்ஷல் ஹார்லன் என்ற நீதிபதி, அரசியலமைப்புக்கு நிறபேதம் தெரியாது என்று ஒற்றை ஆளாக எழுதினார். அந்தத் தீர்ப்பு 7க்கு 1.

கருங்கல் சட்ட மாணவி:

டீச்சர், ரொம்ப நன்றி. ஆனால் ஒன்று இடிக்கிறது. கருக்கலைப்பு உரிமையைக் கொடுத்த 1973 ரோ தீர்ப்பை 2022ல் டாப்ஸ் வழக்கில் ரத்து செய்தார்கள் அல்லவா? அதையும் திருத்தம் என்றுதான் சொல்ல வேண்டுமா?

குழித்துறை வக்கீல்:

அதை ரத்து செய்தவர்கள் பிரவுன் வழக்கைத்தான் உதாரணம் காட்டினார்கள். மறுத்த மூன்று நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. ஜனங்கள் ஐம்பது வருஷம் நம்பி வாழ்ந்த உரிமையைப் பறிக்கிறீர்கள் என்றார்கள். என் வாதம் இதுதான்: உரிமையை விரிக்க முன்தீர்ப்பை மாற்றுவதும் சுருக்க மாற்றுவதும் ஒன்றல்ல. சுருக்குகிறவர் பல மடங்கு காரணம் காட்ட வேண்டும்.

தக்கலை டீச்சர்:

வக்கீல் சார் சொல்வதோடு ஒத்துப்போகிறேன். மக்களே, பேச்சை நம் நாட்டில் கொண்டுவந்து முடிக்க நினைத்தால் எமர்ஜென்சி காலத்து ஜபல்பூர் வழக்கை எடு. எமர்ஜென்சியில் சிறை வைக்கப்பட்டவர்கள் விடுதலை கேட்டு கோர்ட்டுக்குப் போக முடியாது என்று 1976ல் 4க்கு 1 கணக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். அடுத்த வருஷம் அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவியை இளையவருக்குக் கொடுத்துவிட்டார்கள். 2017ல், அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் அந்தத் தீர்ப்பைத் தவறென்று ரத்து செய்து எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். 1976ல் பெரும்பான்மையில் இருந்த ஒய்.வி. சந்திரசூட்டின் மகன்.