ரத்னகிரியில் எதிர்ப்பட்ட மாஞ்சோலை

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

ஒரு கம்பெனிக்காக அரசாங்கம் துப்பாக்கி தூக்கிய கதை என்றால், குவாத்தமாலாவின் வாழைத் தோட்டங்களையும் சிலியின் செம்புச் சுரங்கங்களையும்தான் எல்லோரும் சொல்கிறோம். நான் எதிர்கொண்ட கதை எங்கள் ஊர் மலையோடு சம்பந்தப்பட்டது.

கொங்கணப் பயணத்தில் ரத்னகிரி போயிருந்தேன். பர்மாவின் கடைசி மன்னர் திபோவை ஆங்கிலேயர் சிறைவைத்த ஊர் அது. 1910-இல் அவருக்காகக் கட்டிய அரண்மனை இன்னும் நிற்கிறது. அரைவட்ட மர ஜன்னல்கள், வண்ணக் கண்ணாடி, பளிங்குத் தரை. 1916-இல் அவர் அங்கேயே இறந்தார். ஜன்னல் ஓரம் நின்ற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் இந்தியில் பேச்சுக் கொடுத்தார். தேக்கு மரத்துக்காக ஒரு ராஜாவை நாடு கடத்தினார்கள் என்றார். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். “பாம்பே பர்மா” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் மலையில் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை நடத்திய கம்பெனியின் பெயர் அல்லவா அது!

ஊர் திரும்பியதும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 1863-இல் வாலஸ் சகோதரர்கள் தொடங்கியது. மேல் பர்மாவின் நிங்யான் காட்டில் தேக்கு வெட்டக் குத்தகை எடுத்திருந்தது. தீர்வை கட்டிய கணக்கைவிட மிக அதிகமான மரத்தைக் கம்பெனி ஆற்றில் இறக்கிவிட்டது என்று 1885-இல் திபோவின் தலைநகரான மாண்டலேயில் அரசவை தீர்ப்பளித்து, ஏறத்தாழ 23 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அக்டோபரில் ஆங்கிலேயரின் இறுதி எச்சரிக்கை போனது. நவம்பரில் ஐராவதி ஆற்றில் நீராவிப் படகுகள் ஏறின. இரண்டே வாரத்தில் மாண்டலே விழுந்தது. 1886 ஜனவரி 1 அன்று நாட்டையே இணைத்துக்கொண்டதாக அறிவித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பர்மாவில் காலூன்றிவிடுவார்கள் என்ற அச்சமும் இதற்குப் பின்னால் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் படையெடுக்க ஒரு சாக்கு வேண்டுமே. கம்பெனியின் மர வழக்கு அதைக் கொடுத்தது.

போன படையில் பெரும் பகுதி மதராஸ் ராணுவம். அதில் இருந்த ஹூப்பர் என்ற அதிகாரியின் வேலையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக நம் மக்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்த படங்கள் அவருடையவை. மாண்டலேயில் அவர் ராணுவப் போலீஸ் தலைவர். கைதிகளைச் சுவர் ஓரம் நிறுத்திச் சுடும்போது, குண்டு பாயும் கணத்தைப் பிடிக்கக் கேமராவைத் தயாராக வைத்திருந்தார். லண்டன் பத்திரிகையில் செய்தி வந்த பிறகு விசாரணை நடந்தது. எதிர்த்து நின்ற பர்மியக் கிராமங்களை ஆங்கிலேயப் படை எரித்தது வருஷக்கணக்கில் தொடர்ந்தது.

அந்தப் பாம்பே பர்மா கம்பெனிதான் 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 8,373 ஏக்கர் மலையை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. உரிமையாளர்கள் பின்னாளில் மாறினார்கள், பெயர் மாறவில்லை. 1999-இல் கூலி உயர்வு கேட்டுப் போராடிய தோட்டத் தொழிலாளர்களை நூற்றுக்கணக்கில் சிறையில் அடைத்தார்கள். அவர்களை விடுவிக்கச் சொல்லி ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனது. போலீஸ் தடியடி நடத்தித் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் இறந்தார்கள். அதில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு.

மணிமுத்தாறு பஸ்ஸில் ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அந்த ஊர்வலத்தில் இருந்தவர். கொழுந்து பறித்துப் பறித்து அவருடைய விரல் நுனிகளில் கறை ஏறிக் காய்த்திருந்தது. “தண்ணீருக்குள் இறங்கினால் அடிக்க மாட்டார்கள் என்று நினைத்தோம், தம்பி. கரை ஏறினவர்களுக்கும் அடி விழுந்தது” என்றார். பிறகு மாஞ்சோலைக் குளிரைப் பற்றியும் பேத்தியின் படிப்பைப் பற்றியும்தான் வெகுநேரம் பேசினார்.

1999-இல் போலீஸைக் கம்பெனி ஏவியது என்று நான் சொல்லவில்லை. மாண்டலேயில் மரத்துக்குக் கணக்குக் கேட்டார்கள், திருநெல்வேலியில் உழைப்புக்குக் கணக்குக் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் அரசாங்கம் கணக்குக் கேட்டவர்கள் மேல்தான் பாய்ந்தது. குத்தகை 2028-இல்தான் முடிகிறது. அதற்குள் 2024-இலேயே விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களை மலையைக் காலி செய்யச் சொன்னார்கள். பல தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடச் சொந்தமில்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

காரைக்குடியிலிருந்து:

மேலே எழுதிய நண்பர் சொன்னதோடு எங்கள் பங்கையும் சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டுத் தூண்கள் பர்மாத் தேக்கு. தாத்தா வட்டிக்கடை நடத்தியது ஐராவதிக் கழிமுகத்தில்.

பர்மாவில் மௌல்மெய்ன் நகருக்குப் போயிருந்தபோது ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரைச் சந்தித்தேன். எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே தேநீர் ஊற்றினார். செட்டிநாடு என்றதும் கை நின்றது. அவருடைய பாட்டனார் நெல் வயலை ஈடு வைத்து இழந்தவராம். 1930-களில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. 1930-இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீத நிலம் நகரத்தார் வசம் இருந்தது. 1938-இல் அது கால் பங்கு. எங்கள் முன்னோர் யாரும் துப்பாக்கி பிடிக்கவில்லை என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஈட்டுப் பத்திரம் செல்லுபடியானது ஆங்கிலேயர் பீரங்கியோடு கொண்டுவந்து வைத்த நீதிமன்றத்தில்தான். இதைப் பேசினால் இன்றும் பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

அந்த ஆசிரியைக்கு என்ன பதில் சொன்னீர்கள், அண்ணாச்சி?

காரைக்குடியிலிருந்து:

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்தான் கேட்டார், உங்கள் வீட்டில் பழைய பேரேடுகள் இருந்தால் எங்கள் கிராமத்தின் பெயர் அதில் இருக்கிறதா பாருங்கள் என்று. பெட்டகத்திலிருந்து பேரேடுகளை எடுத்துவிட்டேன். கிராமப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தாத்தா எழுதிய விதத்தில் ஊரை அடையாளம் காண்பது சிரமமாக இருக்கிறது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அவருக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.