மெலிந்த உடம்பு, வண்டிக்குள் (வயிற்றுக்குள்) கொழுப்பு: திருகோணமலை ஆட்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள்

உவர்மலைப் பொடியன்

எனக்கு 26 வயது. உயரம் 167 சென்ரிமீற்றர், நிறை 62 கிலோ. அம்மாவுக்கு நான் இன்னும் "காத்தில பறக்கிற பிள்ளை"தான். புட்டை இரண்டாம் தரம் போடாமல் சொதிச் சட்டியை மூடமாட்டார்.

போன வருடம் வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்தபோது, எதற்கும் இரத்தத்தை ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று வெறும் வயிற்றோடு போய்க் கொடுத்தேன். சீனி 108. இரத்தத்தில் ஓடுகிற கொழுப்பான ட்ரைகிளிசரைட் 238. நல்ல கொலஸ்ட்ரோல் என்கிற எச்டிஎல் வெறும் 34. யாரோ ஒரு ஐயாவின் ரிப்போர்ட் மாறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வேறோர் இடத்தில் திரும்பக் கொடுத்தேன். சீனி 104, ட்ரைகிளிசரைட் 231. ஸ்கேன் எடுத்தால் ஈரலிலும் கொழுப்பு. மாறி வரவில்லை, அந்த ஐயா நான்தான்.

டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்க்க முன்னமே சேர்ட்டைத் தூக்கச் சொல்லி, இடுப்பில் அளவு நாடாவைச் சுற்றினார். 91 சென்ரிமீற்றர். "எங்கட ஆம்பிளையளுக்கு 90தான் எல்லை, பொம்பிளையளுக்கு 80. கை காலைப் பார்த்தால் நீர் மெலிவு, கொழுப்பு முழுக்க வண்டிக்குள்ள" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். கொழுப்பு என்றால் தம்பலகாமத்து நெல் மூட்டை மாதிரி, அடுக்கி வைத்தால் சும்மா கிடக்கும் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். அப்படியில்லை. கொழுப்பிழையம் ஓமோன் சுரக்கும். அதில் ஒன்று லெப்டின். "சேமிப்புப் போதும், சாப்பாட்டைக் குறை" என்று மூளைக்குப் போகும் தகவல் அது. கொழுப்புக் கூடினால் லெப்டினும் கூடும். அப்படியென்றால் பசி அடங்க வேண்டுமே என்று கேட்டேன். "கோயிலில ஒரு மாதம் ஒலிபெருக்கி கட்டினால் பக்கத்து வீட்டுக்காரன் என்ன செய்வான்? அந்தச் சத்தத்துக்குள்ளேயே நித்திரை கொள்ளப் பழகிடுவான். மூளையும் அப்படித்தான்" என்றார்.

மற்றது அடிப்போனெக்டின். இதன் கணக்குத் தலைகீழ். கொழுப்புக் கலங்கள் ஊதிப் பெருக்க, இது குறையும். ஈரலும் தசையும் இன்சுலினுக்கு ஒழுங்காக வேலை செய்யவும், இரத்தக் குழாய்ச் சுவர் அழற்சியில்லாமல் இருக்கவும் துணை நிற்பது இதுதான். எங்கள் தெற்காசிய உடம்புகளில், வெள்ளைக்காரரோடு பார்க்கும்போது, அதே நிறையிலும் இது குறைவாகவே இருக்கிறதாம். போதாக்குறைக்கு வண்டிக் கொழுப்பிலிருந்து வருகிற இரத்தம் நேரே ஈரலுக்குப் போய்ச் சேருகிறது. என் ஈரலில் கொழுப்புப் படிந்த வழி அதுதான்.

வீட்டுக்கு வந்து தேடி வாசித்ததில் ஒன்று மறக்கவே முடியவில்லை. புனேயின் யாஜ்னிக், லண்டனின் யுட்கின், இரண்டு மருத்துவர்கள். 2004 இல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் படத்தையே போட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று காட்டுகிற உடற்திணிவுச் சுட்டி (பிஎம்ஐ) இருவருக்கும் 22.3. ஆனால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. என்னுடைய சுட்டியைக் கணக்குப் போட்டேன், 22.2. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

வாரத்தில் நாலு நாள் இரவு பத்து மணிக்குக் கொத்துரொட்டி, கூடவே போத்தலில் சிவப்பு வட்டம் போட்ட சோடா. அந்த வட்டம் 2016 இலிருந்து இருக்கிறது, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்று அர்த்தம். நான் அதை ஏதோ அலங்காரம் என்றே நினைத்திருந்தேன்! சோடாவை முற்றாக விட்டேன். கொத்து மாதம் ஒன்று. விடிய கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறி இறங்குகிறேன், மான்களுக்கு என்னைப் பழகிவிட்டது. ஏழு மாதத்தில் இடுப்பு 86, ட்ரைகிளிசரைட் 158, சீனி 97. நிறை மூன்று கிலோதான் குறைந்தது. எச்டிஎல் கழுதை மட்டும் 37 இல் நிற்கிறது.

ஆய்வுகூடத்து அக்கா

தம்பி, நல்ல வேளை லெப்டின் டெஸ்ட் தேடி அலையவில்லை. எங்களிடம் சிலர் கையில் போனோடு வந்து "அடிப்போனெக்டின் பார்ப்பீங்களா" என்று கேட்கிறார்கள். அது வழக்கமாகச் செய்கிற பரிசோதனை இல்லை. எண் தெரிந்தாலும் வைத்தியம் மாறப்போவதில்லை. கொலஸ்ட்ரோல் வகைகள் எல்லாவற்றையும், கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சியையும் பாருங்கள். எச்பிஏ1சி 5.7 இலிருந்து 6.4 சதவீதம் வரை வந்தால் சீனி வருத்தத்தின் வாசல்படியில் நிற்கிறீர்கள்.

நாடாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்சட்டைப் பட்டி கட்டுகிற இடம் இடுப்பு அல்ல, அது பெரும்பாலான ஆம்பிளைகளுக்கு வண்டிக்குக் கீழே கிடக்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் பிடியுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டபிறகு அளவுங்கள். நாடாவைக் கண்டதும் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். யாரை ஏமாற்றுகிறீர்கள்?

கிண்ணியா நானா

அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஏமாந்த கதை இது. வயது 31, நிறை 94. இணையத்தில் "லெப்டின் குளிசை" என்று ஒன்றைக் கண்டு 8,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒரு போத்தல் முடிந்தது, பசி முன்னையவிடக் கூடியது மாதிரி இருந்தது. மச்சினன் மருந்துக் கலவையாளர். போத்தலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். லெப்டின் ஒரு புரதமாம். உண்மையான லெப்டினையே விழுங்கினாலும் வயிறு அதை இறைச்சித் துண்டு மாதிரிச் செமிக்க வைத்துவிடும். ஊசியாகத்தான் ஏற்ற வேண்டும்.

அவர் சொல்லித்தான் மீதியும் தெரியும். 1994 இல் நியூயோர்க்கில் ஃபிரீட்மன் என்பவரின் குழு கொழுத்த எலிகளில் இதைக் கண்டுபிடித்தபோது, உடம்பு குறைக்க மருந்து வந்துவிட்டது என்று உலகமே துள்ளியது. பிறவியிலேயே லெப்டின் இல்லாத பிள்ளைகளுக்கு ஊசி போட, அது அற்புதமாக வேலை செய்தது. அப்படிப்பட்ட பிள்ளைகள் மிக மிக அரிது. எங்களைப் போன்றவர்களுக்கு ஏற்கனவே லெப்டின் நிரம்பி வழிகிறது, மேலும் ஊற்றி என்ன பலன்? 8,500 ரூபாய்க்கு எத்தனை சட்டி மூதூர் எருமைத்தயிர் வாங்கியிருப்பேன். சரி, அதுவும் உடம்புக்கு ஆகாதுதான்.

கொட்டியாரக் கரை

எங்கட அப்பப்பா சோறும் மீனும் தின்று 88 வயது வரை இருந்தார். லெப்டினாவது மண்ணாங்கட்டியாவது.

உவர்மலைப் பொடியன்

அண்ணை, உங்கள் அப்பப்பா தோணி வலித்தவரா, என்னைப் போல் எட்டு மணித்தியாலம் கதிரையில் இருந்தவரா?

கொட்டியாரக் கரை

வலை இழுத்தவர். சரி சரி.

நிலாவெளி இரவு டியூட்டி

ஹோட்டல் வரவேற்பில் மூன்று வருடமாக இரவு வேலை. 24 வயது. பகலில் நாலு மணித்தியாலம் படுத்தால் பெரிய விஷயம். விடிய நாலு மணிக்கு வருகிற பசி சாதாரணப் பசி இல்லை, பணிஸும் ரோல்ஸும் கண்ணுக்கு முன் நடனமாடும். எனக்குக் கட்டுப்பாடு இல்லை என்றுதான் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். கிளினிக் மிஸ் சொன்ன பிறகுதான் நித்திரைக்கும் இதற்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது. சிக்காகோவில் 2004 இல் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணித்தியாலம் மட்டும் தூங்க விட்டுப் பார்த்திருக்கிறார்கள். பத்து மணித்தியாலம் படுக்க விட்ட நாட்களோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் குறைந்து, பசியைத் தூண்டுகிற கிரெலின் 28 சதவீதம் ஏறியிருந்ததாம்.

வேலையை விட முடியாது, வீட்டில் தங்கச்சி படிக்கிறாள். யன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு ஆறு மணித்தியாலம் படுக்கிறேன். வேலைக்கு அவித்த கடலையும் முட்டையும் கட்டிக்கொண்டு போகிறேன். இடுப்பு இன்னும் அளக்கவில்லை. பயம்தான்.

ஆய்வுகூடத்து அக்கா

பயப்படாமல் அளவும் தம்பி. தையல் கடையில் நாடா மலிவு. பிரஷரையும் ஒருக்காப் பார்த்துக்கொள்ளும், 24 வயதில் அதை ஒருவரும் பார்ப்பதில்லை.

உவர்மலைப் பொடியன்

அக்கா சொன்ன இடத்தில் நேற்றுத் திரும்ப அளந்தேன். 86 இல்லை, 88. இவ்வளவு நாளும் பட்டி கட்டுகிற இடத்தில்தான் பிடித்திருக்கிறேன். நாடாவை அப்பா வாங்கிக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்தினார். எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை.