‘வாட்டர்வேர்ல்ட்’ பார்த்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நெட் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்கைக் குடைந்ததில் ‘வாட்டர்வேர்ல்ட்’ கிடைத்தது. 1995-ல் வந்த ஹாலிவுட் படம்; துருவப் பனி உருகி உலகமே கடலில் மூழ்கிய பிறகு நடக்கும் கதை. கல்லூரியில் இருந்தபோது ஐந்தாறு பேர் காசு போட்டு கேசட் வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். பார்ப்பதற்கு முன்பே அது மொக்கை என்று முடிவு செய்திருந்தோம். பத்திரிகைகளில் அவ்வளவு படித்தாகிவிட்டது: 17 கோடி டாலருக்கு மேல் செலவு, அதுவரை வந்த படங்களிலேயே அதிகம், ஹவாய் கடலில் போட்ட செட் ஒன்று மூழ்கியே போனது, எடிட்டிங் நடக்கும்போதே இயக்குநர் கெவின் ரெய்னால்ட்ஸ் விலகிவிட்டார். டிவி முன்னால் உட்கார்ந்து எந்தக் காட்சியில் எத்தனை கோடி தண்ணீரில் போனது என்று கணக்குப் போட்டுச் சிரித்ததுதான் நினைவிருக்கிறது.

இந்த முறை பக்கத்தில் மகள். அவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. முதல் காட்சியிலேயே நாயகன் கெவின் காஸ்ட்னர் தன் சிறுநீரை ஒரு கருவியில் ஊற்றி, வடிகட்டிக் குடிக்கிறார். “ச்சீ” என்றவள் அடுத்த நொடியே, “கடல் முழுக்கத் தண்ணி, குடிக்கத்தான் இல்ல, அதானே?” என்றாள். ஒரு வசனம்கூட இல்லாமல் உலகத்தைப் புரிய வைத்துவிட்டார்கள். அப்புறம் அந்த மிதக்கும் இரும்பு ஊர். அங்கே மண்தான் பணம். ஒரு ஜாடி மண்ணைக் கொண்டுவந்தால் ஊரே வாயைப் பிளக்கிறது. ஜெட் ஸ்கீயில் வரும் கொள்ளைக்காரர்கள் மதிலைத் தாண்டிப் பாயும் சண்டையை மகள் இரண்டு முறை பார்த்துவிட்டு, “எந்த சாஃப்ட்வேர்ல பண்ணாங்க?” என்று கேட்டாள். அந்த ஊரை நிஜமாகவே கட்டிக் கடலில் மிதக்கவிட்டார்கள் என்றேன். நம்பவில்லை. அன்று நாங்கள் படம் பார்க்கவில்லை, பில் பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. உங்களுக்கு எப்படி?

* * *

அண்ணே, நான் டேங்கர் கப்பலில் இன்ஜின் ரூம் ஆள். இந்தப் படத்தைப் பார்த்ததே நடுக்கடலில், மெஸ் ரூமில், ராத்திரி வாட்ச் முடிந்து வந்த பிறகு. அந்த மூன்று உடல் கொண்ட பாய்மரப் படகு ஓட்டைத் தோணி மாதிரி கிடந்து, லீவரை இழுத்ததும் மாஸ்ட் எழும்பி, பாய் விரிந்து பந்தயப் படகாக மாறுமே, அதை டெக் ஆட்களுக்குத் தலைவரான எங்கள் போசன் மூன்று முறை ரீவைண்ட் செய்யச் சொன்னார். கயிற்றையும் வின்ச்சையும் தெரிந்தவர்கள் செய்த வேலை அது. ஸ்டூடியோ தொட்டியில் எடுத்த கடல் எங்களை ஏமாற்ற முடியாது. இதில் அடிவானம் எப்படி ஆட வேண்டுமோ அப்படி ஆடுகிறது. எங்களோடு இருந்த புதுப் பையன், கப்பல் ஆட்டத்தில் வாந்தி வராதவன், இதைப் பார்த்து எழுந்து போனான்.

இன்னொரு விஷயம். வில்லன் கும்பலின் பழைய டேங்கர் எது தெரியுமா? எக்ஸான் வால்டீஸ். 1989-ல் அலாஸ்காவில் பாறையில் ஏறி ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கொட்டிய கப்பல். டேங்கர்களுக்கு இரட்டை அடிச்சுவர் வேண்டும் என்ற சட்டம் வந்ததே அந்த விபத்துக்குப் பிறகுதான். படத்தில் வில்லனாக வரும் டென்னிஸ் ஹாப்பர் அந்தக் கப்பலின் கேப்டன் படத்தை மாட்டி வைத்து மகானைப் போல் கும்பிடுகிறார். எங்கள் மெஸ் ரூமே அதிர்ந்தது. வெளியில் யாரிடம் சொன்னாலும் இந்த ஜோக் போணியாகவில்லை. உண்மையான கப்பல் பலமுறை பெயர் மாறி, கடைசியில் 2012-ல் நம் குஜராத் அலங்கில்தான் உடைபட வந்து சேர்ந்தது.

ஆனால் அவ்வளவு பெரிய டேங்கரை ஆட்களை வைத்துத் துடுப்புப் போட்டு நகர்த்துகிறார்களே, அதை மட்டும் இன்ஜின் ரூம் மன்னிக்காது.

* * *

எனக்குத் தலைகீழ் அனுபவம். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போயிருந்தபோது ‘வாட்டர்வேர்ல்ட்’ சாகச நிகழ்ச்சி பார்த்தேன். முன்வரிசையில் உட்காராதே என்று அக்கா சொன்னாள். கேட்கவில்லை. முழுக்க நனைந்தேன். கடைசியில் சுவரைத் தாண்டி ஒரு கடல் விமானம் வந்து விழும் பாருங்கள், பக்கத்தில் இருந்த தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு படம் இருப்பதே அறைக்கு வந்து தேடியபோதுதான் தெரிந்தது. படம் ஓடவில்லை என்கிறார்கள், நிகழ்ச்சி மட்டும் இத்தனை வருடமாக ஓடுகிறது!

* * *

எல்லோரும் இப்படிப் புகழ்ந்தால் எப்படி? நான் புவியியல் ஆசிரியை. ‘தப்பு கண்டுபிடி’ பாடத்துக்கு இந்தப் படத்தின் தொடக்கத்தைத்தான் போட்டுக் காட்டுவேன். பூமியில் உள்ள பனி மொத்தமும் உருகினாலும் கடல் மட்டம் ஏறக்குறைய 70 மீட்டர்தான் உயரும். சென்னை போய்விடும், சரி. ஊட்டியில் இருப்பவர் பால்கனியில் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம்.

அறிவியலைக்கூட விட்டுவிடுகிறேன். நாயகன் தன் படகில் வரும் பெண்ணைத் துடுப்பால் அடிக்கிறான், நீந்தத் தெரியாத குழந்தையைத் தூக்கிக் கடலில் வீசுகிறான், ஒரு காகிதத்துக்காக அந்தப் பெண்ணை இன்னொருவனுக்கு விடப் பேரம் பேசுகிறான். கல்லூரி நாளில் பார்த்தபோது இதெல்லாம் என் கண்ணில் படவே இல்லை. போன வருடம் பார்த்தபோது பாதியில் நிறுத்திவிட்டேன். அப்புறம் ஹாப்பர். அந்த வருடத்தின் மோசமான துணை நடிகர் என்று ராஸி என்கிற கேலி விருதைக் கொடுத்தார்கள், கொடுக்கட்டும். ஒலிப்பதிவு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது, அதற்குத் தகுதியானதுதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நல்ல படம்.

* * *

டீச்சர், அந்தக் காகிதப் பேரம் வந்தபோது நானும் ரிமோட்டைத் தேடினேன். மகள், “இவன் ஹீரோவா?” என்று கேட்டாள். பிற்பாதியில் திருந்துவான் என்று சமாளித்தேன். திருந்துகிறான்தான், ஆனால் அவசர அவசரமாக.

கடல்காரத் தம்பிக்கு ஒரு தகவல். தியேட்டரில் வந்தது இரண்டேகால் மணி நேரம். பின்னால் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பதிப்பு ஒன்றும் வட்டில் வந்தது. என் டிஸ்கில் இருந்தது அதுதான். எல்லோரும் தேடி அலையும் வறண்ட நிலம் எது என்று தியேட்டர் பதிப்பில் சொல்லவே மாட்டார்கள். இதில் கடைசியில் புல்லுக்கு நடுவே ஒரு பலகை கிடைக்கிறது. 1953-ல் டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் இங்கே முதன்முதலில் கால் வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. மகள் எழுந்து நின்றுவிட்டாள். “அப்போ இவ்ளோ நேரம் எவரெஸ்ட்டுக்கு மேலயா படகு ஓட்டினாங்க?”

டீச்சரின் 70 மீட்டர் கணக்கை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.