‘சேர்வராயன் அடிவாரம்’ குடும்பக் குழுவில் ஒரு நகர்மன்றத் தீர்மானம்

கடலோரத்து அக்கா: பெரியப்பா, வணக்கம். எங்கள் நகர்மன்றத்தின் கூட்டத்தை நேற்று பார்வையாளர் பகுதியில் அமர்ந்து பார்த்தேன். குடிநீர் விநியோகம் பற்றிய வாக்குவாதமும் ஒரு வெளிநடப்பும் முடிந்ததும், நிகழ்ச்சி நிரலில் மீதமிருந்த பொருள்கள் அனைத்தும் ‘ஆல் பாஸ்’ என்று அறிவிக்கப்பட்டன. எங்கள் தெருவின் மழைநீர் வடிகாலை, தண்ணீர் கடலில் கலக்கும் கழிமுகம் வரை நீட்டிக்கும் பொருளும் அவற்றில் ஒன்று. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வாசலில் தண்ணீர் தேங்கி அவதிப்படுகிறவர்கள் என்பதால், வடிகால் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால், அது முடியும் இடம் மீன் இறங்குதளத்தை ஒட்டியிருக்கிறது. வழியிலுள்ள வீடுகளின் கழிவுநீர்க் குழாய்களும் அதில் வந்து சேர்ந்துவிடும் என்று மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தார் அஞ்சுகிறார்கள். தீர்மானம் நிறைவேறிய பிறகு நாங்கள் செய்வதற்கு ஏதாவது மிச்சமிருக்கிறதா?

அம்மாப்பேட்டை மாமா: எதுவும் மிச்சமில்லை, பாப்பா. அதிகாரிகள் எழுதி வைப்பதற்கு உறுப்பினர்கள் கை தூக்குவதுதான் எல்லா ஊர் மன்றத்திலும் நடக்கிறது. மன்றத்தில் நேரத்தைக் கழிப்பதைவிட நேராக மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுப்பதே மேல்.

அஸ்தம்பட்டிப் பெரியப்பா: 1917 முதல் 1919 வரை ராஜாஜி நகராட்சித் தலைவராக இருந்த சேலத்தில் உட்கார்ந்துகொண்டு மன்றத்தை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள், மாப்பிள்ளை. கண்ணு, மன்றம் ஒப்புதல் கொடுத்துவிட்டதாலேயே மறுநாள் பொக்லைன் வந்துவிடாது. மதிப்பீட்டுக்கு நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் பெற்று, 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர் விட்டு, அதன் பிறகுதான் வேலை உத்தரவு வரும். இந்த இடைவெளியில்தான் நீங்கள் பேச வேண்டும். உள்ளாட்சி அலுவலகங்களில் கணக்குப் பார்த்தே ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன்: ஒரு வேலையைத் தடுத்து நிறுத்துவதைவிட, அதன் மதிப்பீட்டில் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வைப்பது மிகவும் எளிது.

கொண்டலாம்பட்டித் தம்பி: எனக்குப் பொறியாளர் என்ற முறையில் ஒரு கேள்வி இருக்கிறது, அக்கா. வடிகால் முடியும் இடத்தில் அதன் அடிமட்டம், கடல்நீர் தினமும் ஏறி இறங்கும் ஓதத்தின் ஏற்ற மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? நம் சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஏற்காட்டு மலையில் பெய்யும் மழை சரிவைப் பிடித்துக்கொண்டு தானாகவே திருமணிமுத்தாறுக்கு ஓடிவிடுகிறது. உங்கள் ஊரில் அந்தச் சரிவே கிடையாது. கிழக்குக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்றாலும், தட்டையான நிலத்துக்கு அதுவே போதும். மட்டம் பார்க்காமல் கட்டிய வடிகால் மழைநீரை வெளியே விடுவதற்குப் பதிலாக உப்புநீரைத் தெருவுக்குள் அழைத்து வரும்.

கடலோரத்து அக்கா: பக்கத்துத் தெருவில் அதுதான் நடக்கிறது, தம்பி. வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாள்களில்தான் கடலும் பொங்கியிருக்கிறது. அதனால் தண்ணீர் வெளியேற வேண்டிய நேரத்தில் வெளியேறுவதில்லை. கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிவிடுவதால், மழை தொடங்குவதற்கு முன்பு யாராவது பொக்லைன் வைத்து வெட்டிவிட வேண்டியிருக்கிறது. அந்த ‘யாராவது’ யார் என்பதில்தான் ஒவ்வோர் ஆண்டும் சண்டை. நகராட்சி பொதுப்பணித் துறையைக் காட்டுகிறது, அவர்கள் மீன்வளத் துறையைக் காட்டுகிறார்கள், அங்கே கேட்டால் நகராட்சிக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

அஸ்தம்பட்டிப் பெரியப்பா: கடற்கரை ஊர்களுக்கே உரிய சிக்கல் அது. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பன்னிரண்டாம் அட்டவணையில் நகர அமைப்புகளுக்கென்று 18 பணிகளை எழுதி வைத்தார்கள். அதில் சாலை இருக்கிறது, குடிநீர் இருக்கிறது, துப்புரவு இருக்கிறது, சுடுகாடும் தெருவிளக்கும்கூட இருக்கின்றன. கடற்கரை இல்லை, முகத்துவாரம் இல்லை, துறைமுகம் இல்லை. அதனால் உங்கள் மன்றம் வடிகாலைக் கட்டலாமே தவிர, அது போய் விழும் தண்ணீரின் மீது அதற்கு அதிகாரம் குறைவு. ஆனாலும் இன்னின்ன துறை இன்னின்ன வேலையை மழைக்கு முன்பாகச் செய்து தர வேண்டும் என்று மன்றம் தீர்மானமாகவே எழுதி அனுப்பினால், அந்தத் துறை பதில் எழுதியாக வேண்டிய ஒரு கோப்பு அங்கே உருவாகிவிடும்.

சூரமங்கலம் சித்தி: கடலிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் எதுவும் கட்டக் கூடாது என்று சட்டம் இருப்பதாகப் படித்திருக்கிறேனே, அது இதற்குப் பொருந்தாதா?

அஸ்தம்பட்டிப் பெரியப்பா: நல்ல கேள்வி, அம்மா. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்பது, ஓதம் ஏறும் உச்ச எல்லையான உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கம் 500 மீட்டர் வரையிலான பகுதி. ஓதம் ஏறி இறங்கும் கழிமுகக் கரைகளுக்கும் குறிப்பிட்ட அகலத்துக்கு அது உண்டு. அங்கே எதையுமே கட்டக் கூடாது என்று பொருளில்லை. மத்திய அரசின் அறிவிக்கை, மழைநீர் வடிகால் அமைப்பதையும், மணல் திட்டு மூடாமல் தடுப்பதையும், கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கும் ஓத மதகு அமைப்பதையும் அனுமதிக்கிற வேலைகளோடுதான் சேர்த்திருக்கிறது. அதே அறிவிக்கை, சுத்திகரிக்கப்படாத கழிவுநீரை விடுவதையும் ஊர்க் குப்பையைக் கொட்டுவதையும் தடை செய்கிறது. ஆகவே ‘வடிகால் கட்டாதே’ என்று சொன்னால் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது. ‘வடிகாலில் சாக்கடையைக் கலக்காதே’ என்று சொன்னால் நிற்கும். மீனவப் பெரியவர்களிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்.

அம்மாப்பேட்டை மாமா: சட்டம் அழகாகத்தான் இருக்கிறது. மழைநீர் ஓட வேண்டிய திருமணிமுத்தாறு நம் ஊரைக் கடப்பதற்குள் என்ன நிறமாகிறது என்று தினமும் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு, காகிதத்தின் மீது அவ்வளவு நம்பிக்கை வரவில்லை.

அஸ்தம்பட்டிப் பெரியப்பா: அந்தக் குறையை நானும் மறுக்கவில்லை, மாப்பிள்ளை. வீட்டு இணைப்புகளைக் கண்காணிக்காவிட்டால் எந்த மழைநீர் வடிகாலும் சில ஆண்டுகளில் சாக்கடையாகிவிடும். அதனால்தான் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும் என்கிறேன். கண்ணு, உன்னிடம் தீர்மான நகல் இருக்கிறதா?

கடலோரத்து அக்கா: இல்லை, பெரியப்பா. அலுவலகத்தில் கேட்டதற்கு, மினிட்ஸ் இன்னும் தயாராகவில்லை என்றும், பொதுமக்களுக்குக் கொடுப்பது வழக்கமில்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

அஸ்தம்பட்டிப் பெரியப்பா: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் நான்காம் பிரிவைப் படித்துப் பார். மன்றங்கள், குழுக்கள் ஆகியவற்றின் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, அவற்றின் நடவடிக்கைக் குறிப்புகள் பொதுமக்களுக்குக் கிடைக்குமா என்பதை ஒவ்வொரு பொது அலுவலகமும் தானாகவே வெளியிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தீர்மானத்தின் நகலையும் மதிப்பீட்டின் நகலையும் வரைபடத்தையும் கேள். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். ஆனால் அதற்காகக் காத்திருக்காதே. உங்கள் வார்டு உறுப்பினரிடம் நிகழ்ச்சி நிரல் கட்டாயம் இருக்கும், இன்றைக்கே போய் அவரிடம் படம் எடுத்துக்கொள்.

கடலோரத்து அக்கா: அவர் நல்லவர்தான், ஆனால் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. முதல் முறை உறுப்பினர். பெண் என்பதால் வீட்டுக்காரர்தான் பல இடங்களில் பேசுகிறார்.

சூரமங்கலம் சித்தி: அப்படியானால் நீங்கள் நாலு பெண்கள் சேர்ந்து போய் அவரிடமே பேசுங்கள். பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது கணவர்மார் நாற்காலியில் உட்காருவதற்காக அல்ல. 2022 மார்ச் 2 அன்று பொறுப்பேற்ற உறுப்பினர்களுக்கு ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. மீண்டும் வாக்குக் கேட்டு வர நினைக்கிறவர் என்றால் இந்த வடிகாலைவிட நல்ல காரணம் அவருக்குக் கிடைக்காது.

அஸ்தம்பட்டிப் பெரியப்பா: சித்தி சொல்வதே சரியான வழி. பகுதி சபையையும் விட்டுவிடாதே. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் மாநிலம் முழுவதும் அதைத் தொடங்கினார்கள்; கிராம சபையைப் போல் அங்கே மக்களே பேசலாம். பிறகு, மாமா சொன்ன ஆட்சியர் மனுவையும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடு. கடற்கரை மண்டலத்துக்கான மாவட்ட அளவிலான குழுவுக்கு அவர்தான் தலைவர் என்பதால், அது வீண் மனுவாக இருக்காது.

கொண்டலாம்பட்டித் தம்பி: மனுவில் மட்டம் பற்றிய கோரிக்கையையும் எழுதுங்கள், அக்கா. முடியும் இடத்தில் ஒருவழி மதகும், மதகு மூடியிருக்கும் நேரத்தில் நீர் இறைக்க மோட்டாரும் மதிப்பீட்டில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். மதகை ஏற்றி இறக்கும் ஆளின் சம்பளம் எந்தக் கணக்கில் வரும் என்பதையும் கேளுங்கள். ஷட்டர் துருப்பிடித்து நிற்பது பெரும்பாலும் அந்த ஓர் ஆள் இல்லாததால்தான்.

கடலோரத்து அக்கா: இப்படி எழுதியிருக்கிறேன், பெரியப்பா, பாருங்கள்: ‘மேற்படி வடிகாலில் வீட்டுக் கழிவுநீர் இணைப்பு எதுவும் அனுமதிக்கப்படாது என்றும், கழிமுக முனையில் ஓத மதகு அமைக்கப்படும் என்றும், முகத்துவார மணலை ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் அகற்றும் பொறுப்பு எந்தத் துறையுடையது என்று அத்துறைகளிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறப்படும் என்றும் மன்றம் கூடுதல் தீர்மானம் நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம்.’

அஸ்தம்பட்டிப் பெரியப்பா: நன்றாக இருக்கிறது. ‘மேற்படி வடிகால்’ என்று விட்டுவிடாமல், கூட்டத் தேதியையும் பொருள் எண்ணையும் தொடக்கத்திலேயே எழுது. இல்லாவிட்டால் எந்த வடிகால் என்று கேட்டு மனுவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தலைவருக்கு ஒன்று, ஆணையாளருக்கு ஒன்று, உறுப்பினருக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுத்து, உன்னிடமுள்ள நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டு, அதைப் படமெடுத்து இங்கே அனுப்பு.