உதவி: சிபில் ஸ்கோர் பார்க்க 1,180 ரூபாய் கட்டலாமா? அவசரம்

வியாசை_ரைடர்:
வணக்கம். மூலக்கடை பக்கம் ஒரு ஷோரூம்ல வண்டி லோன் போட்டேன், ரிஜெக்ட் ஆயிடுச்சு. சிபில் ஸ்கோர், அதான் கடனை ஒழுங்காக் கட்டுறோமான்னு காட்டுற மதிப்பெண், சரியில்லையாம். அங்க உட்கார்ந்திருக்கிற ஃபைனான்ஸ் ஆள் வாட்ஸ்அப்ல ஒரு லிங்க் அனுப்பியிருக்கார். 1,180 கட்டினா ஸ்கோரும் தெரியும், சரியும் பண்ணித் தருவாங்களாம். சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். கட்டலாமா வேணாமா?

திருவொற்றியூர்_அக்கா:
கட்டாதீங்க தம்பி. அந்த லிங்க்ல பான், ஆதார் எதுவும் போட்டுடாதீங்க, ஓடிபி சொல்லவே சொல்லாதீங்க.
இன்னும் கொஞ்சம் விவரம் வேணும். ஸ்கோர் எவ்வளவுன்னு நம்பர் சொன்னாங்களா, இல்ல வெறுமனே "சரியில்ல"ன்னாங்களா? எந்தக் கம்பெனியோட ரிப்போர்ட்டைப் பார்த்தாங்க? உங்க பேர்ல ஏற்கெனவே லோன், கார்டு, ஃபோன் இஎம்ஐ எதாவது இருக்கா? யாருக்காவது ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கீங்களா? ஜாமீன் போட்ட கடனும் உங்க ரிப்போர்ட்ல உட்காரும்.

மணலி_ஷிப்ட்:
இது கண்டிப்பா "செட்டில்டு" கேஸ்தான். பழைய கடனைப் பேரம் பேசிக் குறைச்சுக் கட்டியிருப்பார். கட்டி முடிச்சாச்சுன்னு நம்ம நினைப்போம், ரிப்போர்ட்ல "குளோஸ்டு"ன்னு வராது, "செட்டில்டு"ன்னு நிக்கும். மீதியையும் கட்டி என்ஓசி, அதான் பாக்கி இல்லைங்கிற சான்று, வாங்குங்க, சரியாயிடும்.

பெரம்பூர்_லோகோ:
எதுவும் தெரியாம செட்டில்டுன்னு எப்படி முடிவு பண்றீங்க? எனக்கு இது இன்ஷியல் பிரச்சினை மாதிரி தெரியுது. நம்ம ஊர்ல பான் கார்டுல அப்பா பேர் முழுசா இருக்கும், ஆதார்ல "எம்."னு ஒத்தை எழுத்து இருக்கும், வங்கிப் புத்தகத்துல இன்ஷியல் பின்னாடி இருக்கும். பேரு, பிறந்த தேதி, ஃபோன், முகவரி எல்லாத்தையும் ஒப்பிட்டுத்தான் ஃபைல் சேர்க்கிறாங்க. பான் இல்லாம கொடுத்த பழைய சின்னக் கடன்னா வேற ஆள் கணக்கு நம்ம ஃபைல்ல ஒட்டிக்க வாய்ப்பு இருக்கு. வாரியக் குடியிருப்புல ஒரே பிளாக்ல ஒரே பேர்ல ரெண்டு மூணு பேர் இருந்தா இன்னும் மோசம். ரிப்போர்ட் முதல் பக்கத்துல நமக்குச் சம்பந்தமில்லாத ஃபோன் நம்பரோ முகவரியோ இருந்தா அங்கதான் கோளாறு.

கணக்குப்பிள்ளை_18:
மாசத்துக்கு நாலு தடவை இதே கேள்வி. மேல இருக்கிற தேடல் பெட்டியில "சிபில்"னு அடிச்சா பத்து இழை வரும். அதைப் படிக்கிற பொறுமை இல்லாதவங்களுக்குத்தான் இந்த மாதிரி லிங்க் வருது. கடைசித் தடவையா எழுதறேன், சேமிச்சு வச்சுக்கோங்க.

வங்கிகள்கிட்ட நம்ம கடன் கணக்கை வாங்கி ஸ்கோர் போடுற கடன் தகவல் நிறுவனம் இந்தியாவுல நாலு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். 2017-லிருந்து ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி இந்த நாலும் ஒவ்வொரு காலண்டர் வருஷமும் ஒரு முழு ரிப்போர்ட்டை ஸ்கோரோட இலவசமாத் தரணும். ஜனவரியில ஒண்ணு, ஏப்ரல்ல ஒண்ணு, ஜூலையில ஒண்ணு, அக்டோபர்ல ஒண்ணுன்னு எடுத்தா வருஷம் பூரா பைசா செலவில்லாம கண்காணிக்கலாம்.

எடுக்கிற விதம்: வர்ற லிங்க்கைத் தொடாம, நிறுவனத்தோட வெப்சைட்டை நீங்களே டைப் பண்ணிப் போங்க. முகப்புல பணம் கட்டுற பிளான்தான் பெருசாத் தெரியும். வருஷம் ஒரு தடவை இலவசம்னு ஒரு இணைப்பு இருக்கும், அதைத் தேடி எடுங்க. பான்ல இருக்கிற மாதிரியே பேரு, பிறந்த தேதி, பின்கோடு, உங்க மொபைல் நம்பர் எல்லாம் கேட்கும். ஓடிபி வந்ததும் மறுபடி பிளான் பக்கம் காட்டுவாங்க. அடியில சின்ன எழுத்துல "நோ தேங்க்ஸ்" இருக்கும், அதை அழுத்தினா ரிப்போர்ட் திறக்கும். பாதிப் பேர் இந்த இடத்துலதான் வேற வழியில்லைன்னு நினைச்சுப் பணம் கட்டிடறாங்க.

அடுத்தது, ஸ்கோரைச் சரி பண்ணித் தர்றேன்னு சொல்ற யாராலயும் அது முடியாது. ரிப்போர்ட்ல ஒரு வரியை மாத்தணும்னாலும் கடன் கொடுத்த வங்கி ஒத்துக்கணும். கடன் தகவல் நிறுவனமே தானா மாத்தாதுங்கறப்போ ஷோரூம் ஆள் எப்படி மாத்துவார்?

எண்ணூர்_அலை:
நல்ல விளக்கம். ஆனா அடிக்கடி பார்த்தாலும் ஸ்கோர் குறையும்னு சொல்றாங்களே?

திருவொற்றியூர்_அக்கா:
நம்ம ரிப்போர்ட்டை நம்மளே பார்த்தா ஒரு புள்ளிகூடக் குறையாது. கடன் கேட்டு, வங்கி எடுத்துப் பார்த்தாத்தான் விசாரணைக் கணக்குல ஏறும். ஷோரூம்ல நடக்கிறதைக் கவனிச்சீங்கன்னா, ஒரு விண்ணப்பம் கொடுத்தா ஃபைனான்ஸ் ஆள் அதை மூணு நாலு கம்பெனிக்கு ஒரே நேரத்துல தட்டி விடுவார். எது முதல்ல ஓகே ஆகுதோ அதுல வண்டி. ஒவ்வொண்ணும் தனி விசாரணையா உங்க ரிப்போர்ட்ல பதிவாகும். கடனுக்கு அலையுற ஆள்னு அடுத்த வங்கி நினைக்கும். அதனால ஒரு கம்பெனிக்கு மட்டும் போடுங்கன்னு வாய் திறந்து சொல்லணும்.

பெரம்பூர்_லோகோ:
பணம் கட்டிப் பார்க்கிறதே வேஸ்ட்னு மொத்தமாச் சொல்லிட முடியாது. ஹோம் லோன் போடப் போறவருக்கு ஒரு மாசப் பிளான் பிரயோஜனம்தான். ஸ்கோரைப் பொறுத்து வட்டி மாறுற வங்கிகள் இருக்கு. கால் சதவீதம் ஏறினாலும் 20 வருஷக் கடன்ல அது பெரிய தொகை. தப்பைத் திருத்தச் சொல்லி மனு போட்டிருக்கோம், இந்த வருஷ இலவச ரிப்போர்ட்டும் எடுத்தாச்சுன்னா, திருத்தம் ஏறிச்சான்னு எப்படிப் பார்க்கிறது?

கணக்குப்பிள்ளை_18:
உங்க வங்கி ஆப்லயும் யுபிஐ ஆப்லயும் ஸ்கோர் இலவசமாவே காட்டுது. அங்க பாருங்க.

பெரம்பூர்_லோகோ:
அதுல பலதும் ஸ்கோரையும் சுருக்கத்தையும்தான் காட்டும். அது எந்த நிறுவனத்து ஸ்கோர்னும் கவனிக்கணும். ஒரே ஆளுக்கு ஒரு நிறுவனத்துல 760 இருக்கும், இன்னொண்ணுல 715 இருக்கும், கணக்கு போடுற முறை வேற. உங்க வங்கி எதைப் பார்க்குதோ அதைத்தான் நீங்களும் பார்க்கணும். அதோட "உங்களுக்கு முன்கூட்டியே ஒப்புதல் ஆன கடன்"னு ஃபோன் வர ஆரம்பிக்கும், சம்மதப் பெட்டியில டிக் போட்டதுனால.

கணக்குப்பிள்ளை_18:
சரி. திருத்த மனு நடந்துட்டிருக்கிறவங்களுக்கு ஒரு மாசப் பிளான் ஓகே. வருஷப் பிளான் யாருக்கும் தேவையில்ல. ஏற்கெனவே எடுத்திருந்தா ஆட்டோ டெபிட் ஆணை ஓடுதான்னு யுபிஐ ஆப்ல மேண்டேட் பகுதியில போய்ப் பார்த்து ரத்து பண்ணுங்க. 15,000 ரூபாய் வரைக்கும் மறுபடி ஓடிபி கேட்காமலே எடுப்பாங்க. 24 மணி நேரத்துக்கு முன்னாடி ஒரு மெசேஜ் வரும், அதைப் படிக்காம விட்டா போச்சு.

எண்ணூர்_அலை:
ஸ்கோர் ஏறணும்னா நகைக் கடன்தான் சுலபம். ஒரு தடவை வச்சு மீட்டா ஏறிடும்.

மணலி_ஷிப்ட்:
நகைக் கடன் சிபில்ல வரவே வராதே. நகை அவன்கிட்ட இருக்கு, எதுக்குப் பதிவு பண்ணப் போறான்?

எண்ணூர்_அலை:
எங்க வைக்கிறீங்கங்கறதுதான் விஷயம். சௌகார்பேட்டையோ தெரு முனையோ, சேட்டு கடை 1943 அடகுக் கடைச் சட்டத்துல லைசென்ஸ் வாங்கின கடை. கடன் தகவல் நிறுவனத்துக்கு அது கணக்கு அனுப்பாது. அங்க பத்து வருஷம் ஒழுங்கா வட்டி கட்டினாலும் உங்களுக்கு ஸ்கோர் கிடையாது. வங்கி, ஃபைனான்ஸ் கம்பெனியில வச்சா நகைக் கடனும் பதிவாகும். 2015-லிருந்து அவங்க எல்லாரும் நாலு நிறுவனத்துலயும் உறுப்பினரா இருந்தாகணும்.

மணலி_ஷிப்ட்:
பதிவாகட்டுமே. கெடுவுக்கு மேல போனாலும் நகை இருக்கே, அவனுக்கு என்ன நஷ்டம்? ஸ்கோர் எப்படிக் குறையும்?

திருவொற்றியூர்_அக்கா:
குறையும் மணலி. வருஷக் கடைசியில அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டுற நகைக் கடன்ல கெடு தேதி தாண்டின மறுநாள்லிருந்தே தாமத நாள் எண்ண ஆரம்பிப்பாங்க. 90 நாளைத் தாண்டினா வாராக்கடன். ஏலத்துல கடனுக்கு ஈடாப் பணம் வரலைன்னா பாக்கி உங்க பேர்ல நிக்கும். ரிப்போர்ட்ல மாசாமாசம் சின்னக் கட்டம் இருக்கும், 36 மாசத்துக்கு. 000 இருந்தா சரியாக் கட்டியிருக்கீங்க. 030, 060-ன்னு இருந்தா அத்தனை நாள் தாமதம். நகை அவங்ககிட்ட இருந்தாலும் அந்தக் கட்டம் மாறாது. வட்டியை மட்டும் கட்டி மாத்தி வைக்கிறவங்க பழைய கணக்கு மூடினதா, புதுசு திறந்ததான்னு ரசீதைப் பார்த்துக்கணும்.

கணக்குப்பிள்ளை_18:
இழையோட தலைப்பு நகைக் கடன் இல்ல. கேட்டவர் கேட்டுட்டு எங்க போனார்?

வியாசை_ரைடர்:
மன்னிக்கணும், வேலையில இருந்தேன். பணம் கட்டல. கணக்குப்பிள்ளை சார் சொன்ன மாதிரி சிபில்ல இலவசமா எடுத்தேன். ஸ்கோர் இருக்க வேண்டிய இடத்துல மைனஸ் 1, என்எச்-னு இருக்கு. ஷோரூம்ல "உனக்கு மைனஸ்ல இருக்கு"ன்னு சொன்னது இதுதான் போல. இவ்வளவு மோசமா எப்படிப் போகும்? நான் எந்தக் கடனும் பாக்கி வைக்கல. லோன், கார்டு எதுவும் எடுத்ததில்ல. நகை வச்சது சேட்டு கடையிலதான். ஃபோன் இஎம்ஐ அண்ணன் பேர்ல.

திருவொற்றியூர்_அக்கா:
தம்பி, பயப்படாதீங்க. இதைத்தான் முதல்லயே கேட்டேன். ஸ்கோர் 300-லிருந்து 900 வரைக்கும்தான். மைனஸ் 1 அந்த அளவுகோல்லயே வராது. என்எச்-னா "நோ ஹிஸ்டரி", உங்களைப் பத்தி எந்தக் கடன் வரலாறும் அவங்ககிட்ட இல்லைன்னு அர்த்தம். தப்பு இருந்தாத்தானே திருத்த முடியும்? 1,180 கட்டியிருந்தாலும் இதே மைனஸ் 1-தான் வந்திருக்கும்.

பெரம்பூர்_லோகோ:
அப்போ என் இன்ஷியல் கதையும் மணலியோட செட்டில்டும் இங்க பொருந்தாது. ரைடர், முதல் தடவை கடன் கேட்கிறவரை வரலாறு இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாதுன்னு 2025 ஜனவரி 6-ம் தேதி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கு. குறைஞ்சபட்ச ஸ்கோர்னும் ரிசர்வ் வங்கி எதையும் விதிக்கல. ஆனா வருமானத்தையும் கட்டுற சக்தியையும் வங்கி பார்க்கத்தான் செய்யும். அதனால ஷோரூம் வழியாப் போகாம, சம்பளமோ வசூலோ வந்து விழுற வங்கிக் கிளைக்கே போங்க. ஆறு மாச ஸ்டேட்மென்ட் எடுத்துட்டுப் போங்க. முன்பணம் கூடப் போட்டா, அண்ணனைக் கூட்டு விண்ணப்பதாரரா சேர்த்தா, வாய்ப்பு அதிகம். ஆனா நீங்க கட்டத் தவறினா அண்ணன் ஸ்கோரும் விழும், அதைச் சொல்லிட்டுச் சேருங்க.

எண்ணூர்_அலை:
வண்டி அவசரம் இல்லைன்னா, வங்கியில எஃப்டி (நிரந்தர வைப்பு) போட்டு அது மேல கிரெடிட் கார்டு வாங்குங்க. வரலாறு இல்லாதவருக்கும் தருவாங்க. லிமிட்ல 30 சதவீதத்துக்கு மேல போகாம பெட்ரோல், மளிகைக்குத் தேய்ச்சு, பில் தேதிக்கு முழுசாக் கட்டுங்க. "மினிமம்" மட்டும் கட்டினா வட்டி தின்னுடும். ஏறக்குறைய ஆறு மாசத்துல ஸ்கோர் வந்துடும்.

மணலி_ஷிப்ட்:
சரி, எனக்கு ஒரு சந்தேகம். நிஜமாவே தப்பு இருந்தா எங்க புகார் பண்றது? நேரா ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கிக்கே போயிடலாமா?

கணக்குப்பிள்ளை_18:
அங்க போய் வரிசையில நிக்க வேண்டாம். முதல்ல கடன் தகவல் நிறுவனத்து வெப்சைட்ல ரிப்போர்ட்டோட கன்ட்ரோல் நம்பரைப் போட்டு டிஸ்ப்யூட், அதான் திருத்த மனு, எழுப்பணும், வங்கிக்கும் எழுதணும். 30 நாளுக்குள்ள தீர்க்கலைன்னா அதுக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வரணும். 2024 ஏப்ரல் 26-லிருந்து அமல். வங்கி 21 நாளுக்குள்ள பதில் தரலைன்னா வங்கி கொடுக்கணும், வங்கி தந்தும் நிறுவனம் இழுத்தா நிறுவனம் கொடுக்கணும். அப்பவும் நடக்கலைன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு சிஎம்எஸ்ங்கிற புகார்த் தளத்துல ஆன்லைன்ல போடுங்க. 14448-க்கு ஃபோன் பண்ணியும் கேட்கலாம். மனு போட்ட தேதி தெரியுற ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைக்காதவங்க இழப்பீடு கேட்டுத் திண்டாடறாங்க.

திருவொற்றியூர்_அக்கா:
ரைடர், அந்த வாட்ஸ்அப் நம்பரை தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல சக்ஷு பகுதியில புகார் பண்ணிடுங்க. பணம் போனவங்க இருந்தா சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடணும்.

வியாசை_ரைடர்:
நம்பரை பிளாக் பண்ணிட்டேன், புகாரும் போட்டுட்டேன். என் வங்கிக் கிளையில திங்கட்கிழமை வரச் சொன்னாங்க. ஷோரூம்ல வேற எங்கயும் தட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

பெரம்பூர்_லோகோ:
இந்தத் தடவையும் முடியாதுன்னு சொன்னா காரணத்தை எழுத்துல கேளுங்க, தரணும். அதுல என்ன போட்டிருக்காங்கன்னு இங்க எழுதுங்க.